இடது கையால் கட்டிய தாலி

இருபத்திரண்டு வயது வரைக்கும் என் இடது கைக்கு ஊரறிந்த வேலை ஒன்றுதான் இருந்தது. அது என்னவென்று எழுத வேண்டியதில்லை. சாப்பிடுவது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கை பார்த்துக்கொண்டது. அப்படி இரண்டு கைக்கும் வேலை பிரிந்திருக்கிறது என்பதைக்கூட நான் யோசித்ததில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

அறுபதுகளின் நடுவில் சோழவரம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்கு இருந்தேன். ஆரம்பாக்கத்துக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அதை அண்ணனும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அப்பா நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டார். ஒரு நாள் காலை, தோளில் கிடந்த என் துண்டின் நுனியை இன்ஜின் பெல்ட் பிடித்துக்கொண்டது. துண்டை இழுக்கப் போன வலது கையையும் அது சேர்த்து எடுத்துக்கொண்டது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை அளவுதான் மிஞ்சியது.

வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. அது ஆறிவிட்டது.

ஊருக்குத் திரும்பிய அன்று, நானும் அம்மாவும் விடியற்காலை பஸ்ஸில் வந்து, புதுவாயலில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம். எனக்குப் பசி. எதிரே பெட்டிக்கடை ஒன்றில் வாழைத்தார் தொங்கியது. கடைக்காரர் அப்போதுதான் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பழம் கேட்டுக் காசை நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

“காலங்காத்தால, போணி நேரத்துல, இன்னாய்யா பீச்சாங்கையில நீட்ற? அந்தக் கையில குடு.”

வலது தோளில் போர்த்தியிருந்த துண்டை விலக்கிக் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் காசை என் கையிலிருந்து அவர் வாங்கவில்லை. “சரி, அந்தப் பலக மேல வையி” என்றார். வைத்தேன். பழத்தையும் பலகை மேலேயே வைத்தார்.

அம்மா பின்னாலேயே வந்து, பலகை மேல் கிடந்த காசை எடுத்துத் தன் வலது கையால் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. நான் யாருக்காவது எதையாவது கொடுக்கப் போனால், நடுவில் புகுந்து வாங்கி அவள் கொடுப்பாள். விருந்தாளிக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட என் கையிலிருந்து நேரே போனதில்லை. என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை. ஆனால் அவள் கை குறுக்கே வரும் ஒவ்வொரு தடவையும், மில்லில் போன கை இன்னும் கொஞ்சம் மேலே வரைக்கும் போனது மாதிரி எனக்கு இருக்கும்.

நான் எட்டாவது வரை படித்தவன். அக்கா மகனின் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இடது கையால் அ, ஆ என்று முதலிலிருந்து எழுதிப் பழகினேன். வேட்டி கட்ட, சட்டைப் பொத்தான் போட, கிணற்றில் தண்ணீர் சேந்த, எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தாம்புக் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, பல்லால் கடித்துக்கொண்டு, கையால் இழுத்தேன். தண்ணீர் பாதி சிந்தினாலும் மேலே வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு வருஷம்தான் ஆயிற்று. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முடியவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே கை. எல்லாவற்றுக்கும் அதே கை. நான் எத்தனை தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அது கழுவாத கைதான். கோயிலில் பூசாரி எல்லோருக்கும் உள்ளங்கையில் திருநீறு போடுவார். எனக்கு மட்டும் தானே நெற்றியில் பூசிவிடுவார். அது மரியாதையா, ஒதுக்குவதா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

அண்ணன் கல்யாணம் வந்தது. முதல் பந்தியில் ஆண்கள் வரிசையில் நானும் உட்கார்ந்தேன். என் பக்கத்து இலை பெரியப்பாவுடையது. இலையில் சோறு விழுந்து, சாம்பார் ஊற்றி, நான் இடது கையை வைத்துப் பிசைந்தேன். பெரியப்பா எழுந்துவிட்டார்.

“நான் அப்பறமா உக்கார்றேன்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பரிமாறிய இலையை விட்டு எங்கள் பக்கம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எதிர் வரிசையில் பேச்சு நின்றது. பரிமாறியவர்கள் அந்த வெற்று இடத்துக்கு முன்னால் வாளியோடு நின்றார்கள். அப்போது மாலையும் கழுத்துமாக அண்ணன் வந்து என் பக்கத்தில் குந்தினார். காதோடு சொன்னார்:

“தம்பி, தப்பா நெனச்சிக்காதடா. பின்னாண்ட வா. உனக்குத் தனியா எல போடச் சொல்றேன். அங்க ஒரு பேஜாரும் இல்ல, நிம்மதியா சாப்பிட்லாம்.”

அவர் கண் கலங்கியிருந்தது. என் மேல் உயிராக இருந்த அண்ணன். பெரியப்பா எழுந்து போனதைத் தாங்கிக்கொண்டேன். அண்ணன் அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து போய், சமையல் நடந்த இடத்தில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன். சமையல்காரர், நான் கேட்காமலேயே இரண்டு வடை கூடுதலாக வைத்தார்.

அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் ஒரு ஸ்பூன் வாங்கினேன். அதன் பிறகு எங்கே போனாலும் சட்டைப் பையில் ஸ்பூன் இருக்கும். வெளியில் சாப்பிட்டாலும் வீட்டில் சாப்பிட்டாலும் ஸ்பூன்தான். கஞ்சிக்குச் சரி. ரசம் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். “தொர வந்துட்டாருடா” என்று சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, யாரும் எழுந்து போகவில்லை.

எனக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். தரகர் கொண்டுவந்த பெண்களை இன்று நினைத்தாலும் தலை குனிகிறது. ஒருத்திக்குக் காது கேட்காது. ஒருத்திக்கு ஒரு கண்ணில் பூ. ஒருத்தி கால் விந்தி நடப்பாளாம். “ரெண்டுக்கும் சரியாப் போச்சி பாரு” என்று தரகர் அம்மாவிடம் சொன்னார், உடைந்த மூடிக்கு உடைந்த பானை பார்ப்பதைப் போல. அவர்களைப் போய்ப் பார்க்கக்கூட நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காததைப் போலவே நானும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

அப்போது நான் அண்ணனோடு கழனி வேலைக்குத் திரும்பியிருந்தேன். வைக்கோல் கட்டுவதில் எனக்கு ஒரு முறை பிடிபட்டிருந்தது. முறுக்கிய வைக்கோல் பிரியின் ஒரு முனையைக் காலால் மிதித்து, மறு முனையைக் கையால் சுற்றிக் கொண்டுவந்து, பல்லால் கடித்து இழுத்து, ஒரு சுருக்கு. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் கழனிக்கு அறுப்புக்கு வந்து கட்டுச் சுமந்த பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த அறுப்பு முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நேராகச் சொன்னார்:

“எம் பொண்ணு அறுப்புக்கு வந்தப்போ உங்க சின்னவரப் பாத்துச்சாம். அவருக்கே குடு நைனான்னு சொல்லிச்சி. அதான் கேக்க வந்தேன்.”

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகியது.

“பொண்ணுக்கு இன்னா கொறை?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமயா எம் புள்ளைக்குக் குடுக்க வந்தீங்க?”

பெரியவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். “அது எனக்கும் தெரியலமா. நீங்களே வந்து கேட்டுக்குங்க.”

போய்ப் பார்த்தோம். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. என் அம்மாதான் திருப்திப்படாமல், அவளை நடக்கச் சொல்லி, பேசச் சொல்லி, ஊசியில் நூல் கோக்கச் சொல்லி, கடைசியில் அக்காவை விட்டுத் தனியாகவும் விசாரிக்கச் சொன்னாள். ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். வலிப்பு இருக்கும் என்றார்கள், வேறு ஏதோ நடந்திருக்கும் என்றார்கள். ஒரு நல்ல பெண் என்னை விரும்பிக் கேட்டாள் என்பதை மட்டும் யாராலும் நம்ப முடியவில்லை. என்னாலும்தான்.

பின்னாளில் ஒரு முறை அவளிடமே கேட்டேன், என்னைப் பார்த்து என்ன நினைத்தாய் என்று. “நீ கட்டின கட்டு ஒண்ணுகூட அவுரல. ரெண்டு கையால கட்டினவங்க கட்டெல்லாம் வழியிலேயே அவுந்துச்சி. தலையில தூக்கிக்கினு போனது நானு. எனக்குத் தெரியாதா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அதற்கு மேல் எதையோ எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். இப்போது யோசித்தால் அதுவே அதிகம்.

கல்யாணம் பெண் வீட்டில், பந்தல் போட்டு நடந்தது. தாலியை எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து முடிந்து, தட்டு மணவறைக்கு வந்தபோதுதான் பேச்சு கிளம்பியது. பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

“இவன் எப்டி தாலி கட்டுவான்?”

அதுவரை யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் மட்டும் ஒரு வாரமாகக் கொல்லையில் வேலிக்காலில் கயிறு கட்டிப் பழகியிருந்தேன், பல்லால் கடித்து.

“பல்லால கடிச்சிக் கட்டுவேன்” என்றேன்.

“எச்சித் தாலியா?” என்றார் பெரியப்பா. “அதுவும் பீச்சாங்கையில. நல்லாருக்குதுய்யா நாயம்.”

ஐயர் தர்மசங்கடத்தோடு ஒரு வழி சொன்னார். “பெண்ணோட நாத்தனாரே மூணு முடிச்சும் போட்டுடட்டும். மாப்பிள்ளை சும்மா தொட்டுண்டா போதும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். எழுந்து பின்னால் போய்ச் சாப்பிட்டவன்தானே, இதற்கும் தலையாட்டுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அக்கா தாலியைத் தட்டிலிருந்து எடுக்கக் குனிந்தாள்.

அப்போது, தலை குனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் பந்தலில் அப்போது சத்தமே இல்லை.

“அவரே கட்டட்டும். ஒரு முனைய நான் புடிச்சிக்கிறேன்.”

சொல்லிவிட்டு, மருதாணி போட்ட வலது கையைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பிடரிக்குக் கொண்டுபோய், இரண்டு விரலை விரித்துக் காத்திருந்தாள்.

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்ணின் அப்பா அவர் தோளில் கை போட்டு, “அது சின்ன வயசுலேந்தே அப்டித்தான். சொன்னா சொன்னதுதான்” என்றார். ஐயர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் முடியப் போகிறது. “கெட்டிமேளம்!” என்றார்.

அவள் விரல்களுக்கிடையில் மஞ்சள் கயிற்றின் ஒரு முனையை வைத்தேன். மறு முனையைச் சுற்றிக் கொண்டுவந்து உள்ளே விட்டு இழுத்தேன். கயிறு ஈரம், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி சுற்றினேன். அவள் விரல் அசையாமல் பிடித்திருந்தது. கெட்டிமேளம் வழக்கமாக எவ்வளவு நேரம் வாசிப்பார்கள்? எங்களுக்காக அது நீண்டுகொண்டே போயிற்று. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. தவில்காரர் முகத்தில் வியர்வை ஓட, என் விரல்களையே பார்த்துக்கொண்டு அடித்தார். நான் முடிச்சை இறுக்கியபோது அவர் “ஆங்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பந்தலில் பாதிப் பேர் சிரித்தார்கள். அது கெட்ட சிரிப்பில்லை. மீதி இரண்டு முடிச்சும் அக்கா போட்டாள், அழுதுகொண்டே.

“தாலிய அவளே கட்டிக்கினா” என்று ரொம்ப நாள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் காதிலும் விழும். “ஆமா, பாதி” என்பாள்.

கல்யாணமான மறுநாள் அவள் வீட்டில் எனக்கு இலை போட்டார்கள். நான் சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். அவள் பரிமாறிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“இன்னாத்துக்கு ஸ்பூனு?”

“கையால சாப்ட்டா பாக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்கும்.”

“இங்க யாரு பாக்கறாங்க? நான்தான் பாக்கறேன்.”

ஸ்பூனை அவளே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருவாட்டுக் குழம்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். சூடு விரலில் ஏறியது. சோற்றின் சூட்டை விரலால் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் திரும்பி வந்து, சோறு போதுமா என்று மட்டும் கேட்டாள். அந்த ஸ்பூன் பிறகு அவள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு கம்பெனியில் கேட்பதாகச் சொன்னார்கள். சர்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கையை வீசினார்.

“இங்கல்லாம் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. போ போ. பஸ் ஸ்டாண்டாண்ட போயி நில்லு.”

கஞ்சி போட்ட சட்டை, வெள்ளை வேட்டி. மனைவிதான் விடியலில் எழுந்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். அதையெல்லாம் அந்த ஒரு வெற்றுச் சட்டைக் கை மறைத்துவிட்டது. நான் திரும்பிவிட்டேன். ரோடு வரைக்கும் போனேன். இஸ்திரி போட்டவளிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். மறுபடி கேட்டுக்கு வந்து, “வேலைக்கு மனு குடுக்க வந்திருக்கேன்” என்று காகிதத்தை நீட்டினேன். வாட்ச்மேன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைத் திறந்தார். உள்ளே அதிகாரி என்னை உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன். “கையெழுத்து நல்லாருக்கே” என்றார். மனு கொடுத்த இருபது பேரில் எனக்கு டைம் ஆபீஸில் வேலை கிடைத்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று எழுதி வைக்கும் வேலை. தினமும் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி வருவேன். அந்த வாட்ச்மேன் எத்தனையோ வருஷம் காலையில் எனக்கு ஒரு டீ வாங்கி வைத்திருப்பார். முதல் நாளைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் நடக்கப் பழகியதிலிருந்து என் பின்னாலேயே திரிவாள். என்னை நைனா என்று கூப்பிடுவாள், அவள் அம்மா தன் அப்பாவைக் கூப்பிட்டதைப் போல. நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத்தான் சாப்பிடுவாள். அதனால் இடது கையால் சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் பலப்பத்தையும் இடது கையால்தான் பிடித்தாள்.

ஒரு நாள் விரல் முட்டி வீங்கி வந்து நின்றாள். டீச்சர் ஸ்கேலால் அடித்தாராம். அவள் அம்மா எண்ணெய் தடவினாள். நான், “டீச்சர் சொன்னா கேக்கணும்மா. சோத்துக் கையில எழுது” என்றேன். அதைச் சொன்னவன் நான்தான். சாட்சிக்கு என் மனைவி இருக்கிறாள்.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் காதுகுத்து. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அண்ணி தட்டில் லட்டு கொண்டுவந்தார். மகள் இடது கையை நீட்டினாள். பெரியம்மா, எழுந்து போனாரே, அந்தப் பெரியப்பாவின் மனைவி, முகவாயில் கை வைத்துச் சொன்னாள்:

“அப்பன் புத்தி அப்டியே வந்துகீது பாரு. அவனுக்குத்தான் இல்ல. இதுக்கு இன்னா கேடு? நாளைக்கி எவன் கட்டிக்குவான் இத?”

கூடத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் மகளின் கையில் ஓங்கி அடித்தேன். லட்டு தரையில் விழுந்து உடைந்தது.

அவள் அழவில்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு, மடித்துக் குத்திய என் சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வயசு.

மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து, குழந்தை தூங்கிய பிறகு கேட்டாள்.

“எலய வுட்டு எழுந்து போனாரே பெரியப்பா, அவர அடிச்சியா நீ?”

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

“கேட்டாண்ட பிச்சைக்காரன்னு சொன்னானே, அவன அடிச்சியா? ஒருத்தரையும் ஒண்ணும் சொல்லல. எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு வந்த. அடிக்கறதுக்கு உனக்கு இது ஒண்ணுதான் கெடச்சிதா?”

பிறகு அவளே, குரல் தணிந்து, “அது உன்னப் பாத்துதான்யா எல்லாத்தையும் கத்துக்குது. அதுக்குத் தெரிஞ்ச அழகு நீதான்” என்றாள்.

அந்த வாரம் முழுவதும் மகள் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுப்பங்கரையில் அம்மாவோடு சாப்பிட்டாள். நான் எட்டிப் பார்த்தபோது, இடது கையைப் பாவாடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, வலது கையால் சோற்றைச் சிந்திச் சிந்தித் தின்றுகொண்டிருந்தாள். என் வாழ்நாளில் என்னை யாரும் அதைப் போல வெட்கப்படவைத்ததில்லை.

கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

“சார், உங்க நிலைமை வேற. உங்களுக்கு வழியில்ல. குழந்தைக்கு நல்ல கை இருக்கும்போது எதுக்கு இந்தப் பழக்கம்?”

எனக்கு வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன்.

“டீச்சர், என்னுதும் நல்ல கைதான். இந்தக் கைல எழுதினதப் பாத்துதான் இருவது பேர்ல என்னை எடுத்தாங்க. நீங்க எதையாவது நோட்ல எழுதச் சொல்லிப் பாருங்க, எழுதறேன். கொழந்த எந்தக் கையில எழுதினா இன்னா? எழுத்து நேரா இருக்குதான்னு மட்டும் பாருங்க. அடிக்காதீங்க. நான் ஒரு தடவ அடிச்சிட்டேன். அதுவே போதும்.”

டீச்சர் எழுதுவதற்குச் சரி என்றார். ஆனால் மதிய சாப்பாட்டில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரும்போது வலது கையால்தான் சாப்பிட வேண்டும், மற்றவர்களின் பெற்றோர் வந்து சண்டை போடுவார்கள் என்றார். நான் பாதிக்கு ஒப்புக்கொண்டு வந்தேன். மனைவியிடம் சொன்னதற்கு, “பாதி கெடச்சிதா? மீதிய அவளே பாத்துக்குவா” என்றாள். அப்படித்தான் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் வலது கையால் சாப்பிட்டு, இடது கையால் எழுதி, வீட்டில் தோன்றிய கையால் தோன்றியதைச் செய்து வளர்ந்தாள்.

ஒற்றைக் கைக்காரனால் தனக்குத்தானே செய்துகொள்ளவே முடியாத வேலை ஒன்று உண்டு. நகம் வெட்டிக்கொள்வது. வேறு எதற்கும் ஒரு வழி இருக்கிறது, இதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி வாசலில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் வைத்து வெட்டிவிடுவாள். விரலை ஆடாமல் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுப்பது மகளின் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, மனைவி பிளேடை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகள் கதவோரம் நின்றாள்.

“வாம்மா” என்றேன். அவள் வரவில்லை.

“நைனா உன்னை அடிச்சது தப்பு. உங் கை மேல ஒண்ணும் தப்பு இல்ல. லட்டு மேலயும் தப்பு இல்ல. நைனா மேலதான் தப்பு.”

அவள் யோசித்தாள். “அந்தப் பெரிய ஆயா மேல?” என்று கேட்டாள்.

“அவங்க மேலயும்தான்” என்றாள் என் மனைவி, நிமிர்ந்து பார்க்காமல்.

மகள் வந்து உட்கார்ந்து என் கட்டைவிரலைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாக வந்து, சுண்டுவிரலை எட்டியபோது அதை மட்டும் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“இது வேணாம்மா. இத வெட்டாத.”

“ஏண்டி?”

“நைனா எனக்கு முதுகு சொறிய அது வேணும்.”

அவள் சொன்னபடி அந்த ஒரு நகத்தை மட்டும் விட்டுவிட்டோம்.